சார்லி விட்ட கார்வை

சார்லி வாட்ஸின் வலக்கையைப் பார் என்று எனக்குச் சொல்லித் தந்தவன் என் கூட்டாளி. 1981இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அமெரிக்காவில் நடத்திய கச்சேரிகளை ஹால் ஆஷ்பி படமாக எடுத்திருந்தார். அதன் தேய்ந்துபோன வீடியோப் பிரதியொன்று எத்தனையோ கை மாறி, திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டு டெக்குக்கு வந்து சேர்ந்தது. வாடகைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் பன்னிரண்டு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். எல்லோருடைய கண்ணும் மேடையின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடிக்கொண்டிருந்த மிக் ஜாகரில். இவன் மட்டும் என் தொடையில் தட்டி, "மச்சான், பின்னால இருக்கிறவன்ர வலது கையைப் பார்" என்றான்.

பார்த்தேன். ஜால்ராவைப்போல ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்த இரண்டு தட்டுகள் ட்ரம்ஸ்காரனின் பக்கத்தில் ஒரு தண்டில் நிற்கும். ஹை-ஹற் என்பது அதன் பெயர். றொக் வாசிப்பவன் அதில் ஒரு ஆவர்த்தத்துக்கு எட்டுத் தட்டுத் தட்டுவான். இரண்டாம் எண்ணிக்கையிலும் நான்காம் எண்ணிக்கையிலும் இடக்கை ஸ்நெயர் மேளத்தில் விழும். அப்போதும் வலக்கை நிற்காது. சார்லியின் வலக்கை நின்றது. ஸ்நெயரில் அடி விழும் அந்தக் கணத்தில் கை மேலெழுந்து காற்றில் தங்கி, அடுத்த தட்டுக்குத்தான் இறங்கியது. அதனால் ஸ்நெயரின் ஒலி துணையில்லாமல், முழுதாக, ஒரு சிறு வெளியின் நடுவே கேட்டது.

கோணேசர் கோயில் திருவிழாவில் தவில் கேட்டு வளர்ந்தவனுக்கு அதற்கு ஒரு சொல் உண்டு. கார்வை. அடித்த சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே விடும் இடம். வித்துவானின் விரல் வேகத்துக்குக் கைதட்டுகிறவர்கள் உண்டு. கார்வை விழுந்த இடத்தில் தலையசைக்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவன். 1957இல் செய்யப்பட்ட சிறியதொரு கிரெட்ச் ட்ரம்ஸோடு, ஜாஸ் காதலனாக, இடக்கைக் குச்சியைப் பழைய இராணுவ மேளக்காரரைப்போலச் சரித்துப் பிடித்துக்கொண்டு, உலகத்தின் ஆகப் பெரிய ஆரவாரத்துக்கு நடுவே இந்த மனிதன் கார்வை விட்டுக்கொண்டிருந்தான். நாற்பது வருடமாக நான் ஸ்டோன்ஸ் கேட்பது அதற்காகத்தான்.

ஆகவே 2021 ஆகஸ்ட் 24ஆம் திகதி சார்லி தன் 80ஆவது வயதில் காலமானபோது, எனக்கு அந்தக் குழு முடிந்துவிட்டது. இரண்டு வருடம் கழித்து, 2023 ஒக்ரோபர் 20இல், 'ஹக்னி டயமண்ட்ஸ்' வெளிவந்தது. 2005இன் 'எ பிகர் பேங்'குக்குப் பிறகு, 18 வருடம் கடந்து, புதுப் பாடல்களோடு ஒரு இசைத்தொகுப்பு. ஜாகருக்கு 80 வயது. கீத் ரிச்சர்ட்ஸுக்கு இரண்டு மாதத்தில் 80. வெளிவந்த அன்று நான் கேட்கவில்லை. ஒரு கிழமை தள்ளிப்போட்டேன். செத்த வீட்டில் அடுத்த நாளே விளக்குப் போட்டுப் பாட்டுக் கேட்பதுபோலத் தோன்றியது.

தொகுப்பின் பெயரே என்னை உள்ளே இழுத்தது. ஹக்னி, லண்டனின் கிழக்குப் பக்கம். வண்டிக் கண்ணாடியை, கடைக் கண்ணாடியை இரவில் யாரோ உடைத்துவிட்டுப் போக, விடியற்காலை தெருவில் மினுங்கிக் கிடக்கும் சில்லுகளை அங்கே 'ஹக்னி வைரங்கள்' என்பார்களாம். எண்பதுகளில் எங்கள் கடைத்தெருவில் காலையில் நடந்தவர்களுக்கு அந்த மினுக்கத்தை விளக்கத் தேவையில்லை.

முதற் பாதி எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். தொகுப்பைத் தயாரித்தவர் ஆண்ட்ரூ வாட், முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த அமெரிக்கர். இந்தக் குழுவின் பெயர் போட்ட சட்டையைப் போட்டு வளர்ந்த தலைமுறை. 2023 காதலர் தினத்துக்குள் பதிவை முடித்துவிட வேண்டும் என்று ஜாகர் கெடு வைத்தார். அந்த அவசரம் நல்லது செய்திருக்கிறது. வருடக்கணக்காக இழுபட்ட வேலை நடந்தது. ஆனால் 'ஆங்ரி' தொடங்கின உடனே எனக்கு மூச்சு முட்டியது. ஒலி சுவரைப்போல வருகிறது. கிற்றாருக்கும் குரலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடமில்லை. இன்றைய ஒலிப்பதிவில் மெல்லிய ஒலியையும் தூக்கி, பெரிய ஒலியை அமுக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். கைத்தொலைபேசியில் கேட்க அது எடுப்பாக இருக்கும். ஸ்டோன்ஸுக்கு அது நஞ்சு. அவர்களுடைய பழைய பதிவுகளில் எல்லாம் கொஞ்சம் தளர்ந்து கிடக்கும். கிற்றார் முந்தும், ட்ரம்ஸ் அதைப் பார்த்துப் பின்னால் வரும், பேஸ் இரண்டுக்கும் நடுவே வழி தேடும். 1969இன் 'ஹொங்கி டொங்க் விமன்' மாட்டுமணியோடு தொடங்கிப் போகப் போக வேகம் கூடும். மணியை அடித்தவர் தயாரிப்பாளர் ஜிம்மி மில்லர். அந்த வேகக் கூடலை இன்றைக்கு எந்தக் கணினியும் பிழையென்று திருத்திவிடும். அந்தப் பாட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது.

ட்ரம்ஸில் இப்போது ஸ்டீவ் ஜோர்டன். கீத்தின் தனிக் குழுவில் வாசித்தவர். தன்னால் முடியாதபோது அவரைக் கூப்பிடுங்கள் என்று சார்லியே சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவரில் குறை சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அழுத்தமான கை, பிசகாத காலம். ஆனால் அவர் இரண்டாம், நான்காம் எண்ணிக்கைகளை நிரப்புகிறார். இன்னொருவருடைய நாற்காலியில் உட்கார்ந்து, அவரைப்போலப் பாவனை பண்ணாமல், தன் அடியை அடித்திருக்கிறார். அந்த நேர்மைக்கு மரியாதை உண்டு. என் காது மட்டும் ஒவ்வொரு ஆவர்த்தத்திலும் இரண்டு தரம் தடுக்கியது. 'பைற் மை ஹெட் ஓஃப்' பாட்டில் போல் மக்கார்ட்னி வந்து உறுமும் பேஸ் வாசிக்கிறார். 1963இல் லெனனோடு சேர்ந்து எழுதிய ஒரு பாட்டை இந்தப் பெடியன்களுக்குக் கொடுத்து உதவியவர், அறுபது வருடம் கழித்து அவர்களுடைய வீட்டில். செய்தியாக எனக்கு அது இனித்தது. பாட்டாக, ஒருமுறை போதும்.

பிறகு ஏழாவது பாட்டு, 'மெஸ் இற் அப்'. தொடங்கி ஐந்து விநாடியில் நான் எழுந்து நின்றுவிட்டேன். எந்தத் தகவலும் வாசிக்காமல், கையேடு பாராமல், எனக்குத் தெரிந்துவிட்டது. வலக்கை மேலெழுகிறது. ஸ்நெயர் தனியே நிற்கிறது. டிஸ்கோச் சாயலுள்ள, ஆடவைக்கும் பாட்டு. ஆனால் அந்தத் தாளத்துக்குள் காற்று இருக்கிறது. சார்லி இறப்பதற்கு முன்னர் செய்து வைத்திருந்த பதிவுகளில் இரண்டை எடுத்துத் தொகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். இரண்டாவது அதற்கடுத்த 'லிவ் பை த ஸ்வோர்ட்'. அதில் இன்னொரு வருகையும் உண்டு. 1993இல் விலகிப்போன பில் வைமன், இந்த ஒரு பாட்டுக்குப் பேஸ் வாசிக்க வந்தார். ஆக, இறந்தவர் ட்ரம்ஸ், விலகியவர் பேஸ், நடுவே ஜாகர், கீத், ரொனி வூட், பியானோவில் எல்டன் ஜோன். அந்தப் பழைய அணி இந்தப் பாட்டுக்காக ஒரே அறையில் கூடவில்லை, ஒலிநாடாவில் கூடினார்கள். வைமனின் பேஸ் எப்போதும்போல அடக்கம், முன்னுக்கு வராது. கேட்டு முடிந்த பிறகுதான் அது இருந்த இடம் தெரியும்.

இதை நான் தனியே கேட்டிருக்கக் கூடாது. அடுத்த நாள் மாலை கூட்டாளியின் பட்டறைக்குப் போனேன். உட்துறைமுகப் பக்கம், படகு எஞ்சின் திருத்தும் பட்டறை. கையில் கிரீஸ். தொலைபேசியை ஒரு வெற்று எண்ணெய்த் தகரத்துக்குள் வைத்துப் பாட்டைப் போட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்பானரால் பலகையில் எட்டுத் தட்டுத் தட்டத் தொடங்கினான். இரண்டாம் எண்ணிக்கையில் அவனுடைய வலக்கை தானாக மேலே போனது.

எங்களுக்கும் ஒரு குழு இருந்தது. எங்கள் ஊருக்குக் கிற்றார் புதிதில்லை. பாலையூற்றுப் பக்கத்துப் பறங்கியர் கலியாணங்களில் வயலினும் கிற்றாரும் றபானும் சேர்ந்து ஆறு-எட்டுத் தாளத்தில் கஃப்ரிஞ்ஞா துள்ளும். போர்த்துக்கேயக் காலத்திலிருந்து வந்த சரக்கு அது. பிரித்தானியக் கடற்படை 1957இல் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது தன் இசைப் பழக்கத்தில் கொஞ்சத்தையும் விட்டுவிட்டே போனது. இலங்கை வானொலியின் ஆங்கிலச் சேவையில் வெர்னன் கொறியாவின் குரலோடு வரும் பாட்டுகளைக் கேட்டு விரல் பழகிய அண்ணன்மார் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். அவர்களில் எங்கள் பெருமை பரமேஷ், கோணேஷ் சகோதரர்கள். 1968இல் எம். பி. பரமேஷின் தமிழ்ப் பாடல்கள் இசைத்தட்டாக வந்தன. ஈழத்துத் தமிழ்ப் பாட்டு இசைத்தட்டாவது அதற்குமுன் கண்டறியாத காரியம். சினிமாவிலிருந்து வராத ஒரு காதல் பாட்டை, எங்கள் ஊர்க்காரர் கிற்றாரோடு பாடி, நாடு முழுக்கக் கேட்டது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் துள்ளிசையை வீட்டுக்கு வீடு கொண்டுபோன காலமும் அதுதான்.

எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு. கிற்றார்க் கம்பி கிடைக்காது. உப்புக் காற்றில் கம்பிக்கு ஆயுளும் குறைவு. ஆகவே அண்ணன்மார் சொல்லித்தந்தபடி, மங்கிப்போன தடித்த கம்பிகளைக் கழற்றி, பானையில் போட்டு அவித்து, அழுக்கு விட்டதும் துடைத்து மறுபடி மாட்டுவோம். இரண்டு மூன்று நாளைக்குப் புதுக் கம்பிபோலப் பேசும். எங்கள் குழு அப்படி அவித்த கம்பிகளில் வளர்ந்தது. கூட்டாளி கிற்றார். நான் கொஞ்சம் பாடுவேன், கொஞ்சம் பேஸ். ட்ரம்ஸ்காரன் ஒரு மீன் வியாபாரியின் மகன். அந்த வீடியோவைப் பார்த்த இரவுக்குப் பிறகு இரண்டு கிழமை வேறெதுவும் வாசிக்காமல், வலக்கையை எடுக்கப் பழகினான். 1985இல் ஒரு நாள் சைக்கிளில் வீட்டைவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. ஒருவர் ரொறொன்ரோ, ஒருவர் ஒஸ்லோ. குழு அதோடு சரி.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரு குழு திரும்பி வருவதைப் பற்றிப் பேசும்போது எனக்கு லண்டனைவிட முதலில் நினைவுக்கு வருவது, எங்கள் கடலின் மறுகரையிலிருக்கும் கல்கத்தா. 1970களின் நடுவில் கௌதம் சட்டோபாத்யாய் தன் நண்பர்களோடு தொடங்கிய 'மொஹினேர் கோராகுலி', வங்காளத்தில் யாரும் கேட்காத மாதிரிப் பாடிய குழு. ஜீவனானந்த தாஸின் கவிதையொன்றிலிருந்து பெயர் எடுத்தவர்கள். மூன்று சிறு தட்டுகள் போட்டார்கள், விற்கவில்லை, 1981இல் கலைந்தார்கள். 1995இல் கௌதம் திரும்பினார். எப்படித் திரும்பினார் என்பதுதான் விசேஷம். தன் பழைய ஆட்களைத் தேடிப்பிடித்து அதே மேடையில் நிறுத்தவில்லை. அன்றைக்குப் புதிதாக எழுதிக்கொண்டிருந்த பெடியன்களின் பாட்டுகளையும் சேர்த்து, 'தொகுத்தது' என்று முகப்பில் போட்டு, இருபது வருடம் கழித்து என்ற பொருளில் பெயரிட்டு, கல்கத்தாப் புத்தகக் கண்காட்சியில் ஒரு கசெற் வெளியிட்டார். முதல் வருகையில் கிடைக்காத கூட்டம் அப்போது கிடைத்தது. இன்றைய வங்க றொக் அங்கிருந்து கிளைத்தது. 1999இல் கௌதம் இறந்துபோனார். போன இடத்துக்கே திரும்பி வரவேண்டும் என்றில்லை என்பதை அந்தக் கசெற்றில் நான் கற்றேன். பம்பாயின் 'இன்டஸ் கிரீட்' 17 வருடம் கழித்து 2012இல் போட்ட 'இவோல்வ்' தொகுப்பிலும் புது ட்ரம்ஸ், புதுப் பேஸ்; நல்ல வேலை, ஆனால் கல்கத்தாக் கசெற் என்னை அசைத்த மாதிரி அசைக்கவில்லை.

ஸ்டோன்ஸ் திரும்பிய இடம் எது? அதைக் கடைசி மூன்று பாட்டில் வைத்திருக்கிறார்கள்.

முதலாவது கீத் பாடும் 'டெல் மீ ஸ்ட்ரெய்ற்'. மூன்று நிமிடம்கூட இல்லை. கீத்தின் விரல்களில் மூட்டுவாதம். முன்னைப்போல ஓடாத விரல், வேறு வழி தேடிக் கண்டுபிடிக்கிறது என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்தப் பாட்டில் அந்த வழி கேட்கிறது. இரண்டு ஸ்வரம், ஒரு நிறுத்தம். முன்பு நான்கு ஸ்வரம் போட்டிருக்கக்கூடிய இடத்தில் ஒன்று. குரல் கரகரத்து, கேள்வி கேட்கிற தொனியில், பதில் வேண்டாத முதியவரின் பொறுமையோடு போகிறது. தொகுப்பின் முதற் பாதியிலிருந்த சுவர் இங்கே இடிந்து விழுந்துவிடுகிறது.

அடுத்தது 'ஸ்வீற் சவுண்ட்ஸ் ஓஃப் ஹெவன்'. ஏழு நிமிடத்துக்கு மேல். ஸ்டீவி வொண்டர் பியானோவும் மற்ற விசைக் கருவிகளும். பக்கத்தில் வேறு வேலையாயிருந்த லேடி காகா பார்க்க வந்து, பாடிவிட்டுப் போனார். கறுப்பினத் தேவாலயத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு மாதிரி மெதுவாகத் தொடங்கி, ஏறி, ஏறி, முடிந்துவிடுகிறது. முடிந்தது என்று நாம் மூச்சு விட, பியானோவில் யாரோ ஒரு துணுக்கைத் தொட, காகா முனக, ஜாகர் பதில் சொல்ல, மறுபடி எழும்புகிறது. பெண்ணின் குரல் மேலே போக, 80 வயதுக் குரல் அதைப் பின்தொடர்ந்து மேலே போகிறது. போட்டியாகத் தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தூக்கிக்கொண்டு போகிறார்கள். நாதஸ்வரக் கச்சேரி முடிந்து எல்லோரும் கலைகிற நேரத்தில் இரண்டாம் நாயனக்காரர் ஒரு பிடி பிடித்து, முதலாமவர் திரும்பிப் பார்த்துச் சிரித்து, மறுபடி ஒரு சுற்று நடக்குமே, அந்த மகிழ்ச்சி. இந்தப் பாட்டுக்காக மட்டும் வாங்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் நான் வாங்கியது அதற்கடுத்ததற்காக.

கடைசிப் பாட்டு 'ரோலிங் ஸ்டோன் புளூஸ்'. ஆள் இரண்டே பேர். கீத் கையில் அவர் வயதையும் தாண்டிய ஒரு கிப்சன் மரக் கிற்றார். ஜாகர் வாயில் மௌத் ஓர்கன், இடையிடையே குரல். மேளமே இல்லை. 1950இல் சிக்காகோவில் மடி வோட்டர்ஸ் பதிவுசெய்த பாட்டு இது. அந்தப் பாட்டிலிருந்தே 1962இல் இந்தக் குழு தன் பெயரை எடுத்தது. அதற்கு ஒரு வருடம் முன், 1961 ஒக்ரோபரில், டார்ட்ஃபர்ட் புகையிரத நிலையத்தில் ஜாகரின் கக்கத்திலிருந்த மடி வோட்டர்ஸ், சக் பெரி தட்டுகளைக் கண்டு கீத் பேச்சுக் கொடுத்ததில்தான் எல்லாம் தொடங்கியது. அறுபது வருடமாகப் பெயரைச் சுமந்தார்கள். பாட்டைத் தங்கள் தட்டொன்றில் பதியவேயில்லை. இப்போது பதிந்தார்கள், தொகுப்பின் கடைசியில்.

இந்தப் பாட்டுக்கு மடிக்கும் முந்திய வேர் உண்டு. மிசிசிப்பிக் கரையில் பாடப்பட்ட 'கற்ஃபிஷ் புளூஸ்'. ரொபர்ட் பெற்வே 1941இல் பதிந்தது பேர்போனது. கற்ஃபிஷ் என்றால் நம்முடைய கெளிற்று இனம். எங்கள் தீவில் பிறந்து உலகம் சுற்றிய பொப்பிசைப் பாட்டான 'சுராங்கனி'யும் மீன்பாட்டுத்தான். மீன் கூடையோடும் தூண்டிலோடும் பிறந்த பாட்டுகளுக்குத் துறைமுகம் துறைமுகமாகப் போகிற கால் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். இதை நிரூபிக்க என்னிடம் ஆதாரமில்லை. மீன் சந்தைக்குப் பக்கத்தில் வாழ்ந்த காது சொல்கிறது.

அந்தப் பதிவில் என்ன கேட்கிறது? கம்பியை விரல் விட்டபின் மரத்துக்குள் ஒலி சுருங்குவது கேட்கிறது. ஜாகர் மூச்சை உள்ளிழுப்பது கேட்கிறது. மௌத் ஓர்கனில் உள்மூச்சுக்கு ஒரு ஸ்வரம், வெளிமூச்சுக்கு ஒரு ஸ்வரம், ஆகவே மூச்சே அங்கே இசை. கீத் ஒரு வரியை வாசித்துவிட்டுக் காத்திருக்கிறார். ஜாகரும் காத்திருக்கிறார். இரண்டு பேரும் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும் போலிருந்தது. மேளக்காரன் இல்லாத பாட்டில் முழுக்க முழுக்க மேளக்காரனுடைய இடம் கேட்டது. 18 வருடம் கழித்து வந்த இவர்கள், இருபது வயதில் எந்தப் பாட்டின் முன்னால் மாணவர்களாக உட்கார்ந்தார்களோ, அதன் முன்னால் மறுபடி போய் உட்கார்ந்துவிட்டார்கள்.

2025 பெப்ரவரியில் இந்தத் தொகுப்புக்கு, சிறந்த றொக் தொகுப்பு என்று கிராமி விருது கிடைத்தது. பட்டறைக்குப் போய்ச் சொன்னேன். கூட்டாளி அதைக் காதில் வாங்கவில்லை. அவனுக்கு வேறு யோசனை.

"கீத் ஆறாவது கம்பி போடிறேல்ல, என்னடாப்பா?"

"இல்லை. ஐஞ்சு கம்பிதான். ஆறாவதைக் கழட்டிப்போட்டு, அஞ்சாவதையும் முதலாவதையும் கொஞ்சம் இறக்கிறது."

அது கீத்தின் பழைய வித்தை. தடித்த கம்பியை எடுத்துவிட்டு, மற்றவற்றை ஜீ சுருதியில் திறந்து வைத்தால், எந்த விரலும் வைக்காமல் வெறுமனே மீட்டினாலே கிற்றார் ஒரு முழுச் சேர்ப்பாகப் பேசும். 'ஸ்ரார்ட் மீ அப்' கேட்டவர்கள் அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறார்கள். எண்பதுகளில் எங்களுக்கு இது தெரியாது. ஆறு கம்பியையும் வைத்துக்கொண்டு அந்த ஒலி ஏன் வரவில்லை என்று இரவிரவாக அழுந்தினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனபோது, பட்டறைப் பலகையில் எஞ்சின் உறுப்புகளுக்கு நடுவே அவனுடைய பழைய கிற்றார் மல்லாந்து கிடந்தது. ஒரு கம்பியும் இல்லை. கழுத்தில் எண்ணெய் பூசித் துடைத்திருந்தான். கடைத்தெருவில் இப்போது புதுக் கம்பி தாராளமாகக் கிடைக்கும் என்பது அவனுக்கும் தெரியும். மண்ணெண்ணெய் அடுப்பில் ஒரு சட்டி. தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. உள்ளே வளையம் வளையமாக, ஆறாவதை விட்டுவிட்டு, ஐந்து.